ஸ்டார் இருக்கிறார், சரி. மீதிப் பத்துப் பேரை ஜிஎம் (அணியின் பொது மேலாளர்) எப்படிப் பிடிக்கிறார்?

கோடைமழை:

என்பிஏ கூடைப்பந்தில் டென்வர் நகெட்ஸ் ஆடுவதைப் பார்க்கும்போதெல்லாம் வரும் கேள்வி இது. நிகோலா யோகிச் மாதிரி ஒருவர் கையில் இருக்கிறார். 2023-இல் கோப்பையும் வந்தது. அதற்கு அடுத்த இரண்டு சீசனிலும் கதை ஒன்றுதான்: அவர் களத்தில் இருக்கும்வரை ஒரு அணி, அவர் போய் உட்கார்ந்ததும் வேறு அணி. கஷ்டப்பட்டுச் சேர்த்த முன்னிலை நாலு நிமிடத்தில் கரைந்துவிடும். 2025 பிளேஆஃபில் (சீசன் முடிந்து கோப்பைக்காக ஆடும் சுற்றுகளில்) ஓக்லஹோமா சிட்டி தண்டரை ஏழாவது ஆட்டம்வரை இழுத்துப் பிடித்தார்கள். அந்த ஏழாவது ஆட்டத்தில் 125-93 என்று தோற்றார்கள். திறமைக்கு முன்னால் கால்தான் ஓய்ந்துபோனது என்று எனக்குப் பட்டது.

எதிரே தண்டரைப் பாருங்கள். ஒன்பதாவது ஆள் இறங்கினாலும் தடுப்பாட்டம் தளர்வதில்லை. 68 வெற்றி, கடைசியில் கோப்பை.

பெஞ்சில் நல்ல மாற்று ஆட்கள் நிறைய இருக்கும் இந்த ஆழத்தை ஜிஎம் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டுகிறாரா, இல்லை டிராஃப்டில் (புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வில்) நாலு சீட்டு நன்றாக விழுந்ததா? திட்டம் என்றால் எங்கே ஆரம்பிக்கிறார்? "நல்ல ஆட்டக்காரர்களை எடுக்கணும்" மாதிரிப் பதில் வேண்டாம், ப்ளீஸ்.

பெஞ்ச்பார்வை:

ஆழம் ஆழம் என்று எல்லோரும் சொல்வது ஜனவரியில் நன்றாகத்தான் இருக்கும். 82 ஆட்டம், நடுவில் அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம், யாருக்காவது கணுக்கால் பிசகும். அப்போது பத்தாவது ஆள் வேண்டும். மே மாதம் வந்துவிட்டால் பெரும்பாலான கோச்சுகள் எட்டுப் பேரைத் தாண்டமாட்டார்கள்.

தண்டர் ஜெயித்ததற்கு முதல் காரணம் ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டர். இறுதித் தொடரில் சராசரி 30 புள்ளிக்கு மேல், தொடரின் எம்விபி (சிறந்த ஆட்டக்காரர்). அவரை எடுத்துவிட்டு அந்தப் பெஞ்சை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? ஜிஎம்மின் வேலை ஸ்டாரைப் பிடிப்பது. மற்றதெல்லாம் ஓட்டைக்கு ஒட்டுப் போடுவது.

கேப்கணக்கர்:

பெஞ்ச்பார்வை, ஸ்டார் முக்கியம் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் ஸ்டார் வந்த பிறகுதான் ஜிஎம்முக்குத் தலைவலி தொடங்குகிறது, ஏனென்றால் பணம் முழுக்க அவர் பின்னால் போய்விடுகிறது.

2025-26 கணக்கை எடுத்துக்கொள்வோம். சம்பள உச்சவரம்பு 154.6 மில்லியன் டாலர். அதைத் தாண்டலாம். ஆனால் இரண்டாம் ஏப்ரன் என்று ஒரு கோடு 207.8 மில்லியனில் இருக்கிறது, அதைத் தாண்டினால் ஜிஎம்மின் கையைக் கட்டிவிடுவார்கள். பத்தாண்டு அனுபவமுள்ள பெரிய ஸ்டாருக்கு உச்சவரம்பில் 35 சதவீதம்வரை கொடுக்கலாம், சுமார் 54 மில்லியன். அப்படி இருவர் இருந்தால் 108 போச்சு. கோட்டுக்குக் கீழே மிச்சம் நூறு மில்லியன், அதில் பதின்மூன்று பேர். அந்தப் பதின்மூன்றில் மூவர் தொடக்க ஐவரில் ஆடுகிறவர்கள், அவர்களும் சும்மா வரமாட்டார்கள். ஆறாவது ஆளில் இருந்து பதினைந்தாவது ஆள்வரை எல்லோரும் மீந்த காசில்.

அதனால் ஒரு ஜிஎம் ஒருவரை எடைபோடும்போது, ஆட்டத்தோடு சேர்த்து, "இவர் இந்த விலைக்கு எத்தனை வருஷம் கிடைப்பார்" என்றும் பார்க்கிறார். என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது கேள்விதான் பெஞ்சைக் கட்டுகிறது.

கோடைமழை சொன்ன டென்வரையே எடுங்கள். 2022-இல் புரூஸ் பிரவுனை இரண்டு ஆண்டு, 13 மில்லியனுக்கு எடுத்தார்கள். அருமையான பிடிப்பு, கோப்பை வென்றதில் அவருக்குப் பெரிய பங்கு. ஆனால் இரண்டாவது ஆண்டு இருப்பதா போவதா என்ற முடிவு அவர் கையில் இருந்தது. போனார். டென்வரில் ஒரே வருஷம்தான் ஆடியிருந்ததால் பழைய சம்பளத்தில் 120 சதவீதத்துக்கு மேல் அவர்களால் கொடுக்க முடியாது, அதாவது எட்டு மில்லியன்கூட இல்லை. இண்டியானா இரண்டு ஆண்டுக்கு 45 மில்லியன் நீட்டியது. டென்வர் உரிமையாளருக்குக் கொடுக்க மனமிருந்தாலும் விதி விடாது.

இப்போது தண்டரின் லூ டோர்ட். 2019 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. டூ-வே ஒப்பந்தத்தில் (துணை லீக் அணிக்கும் சேர்த்து ஆடும் மலிவு ஒப்பந்தம்) கூப்பிட்டார்கள், ஒரு சீசன்கூட முழுதாக முடியவில்லை, நான்கு ஆண்டு 5.4 மில்லியனுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டார் தண்டர் ஜிஎம் சாம் ப்ரெஸ்டி. ஆண்டுக்கு ஒன்றரை மில்லியன்கூட வராது! டோர்ட் யார் என்று மற்ற அணிகளுக்குத் தெரிய வந்தபோது கதவு சாத்தியிருந்தது. அப்புறம் 2022-இல் ஐந்து ஆண்டு 82.5 மில்லியன் கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

டோர்ட்டைவிட பிரவுன் மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒருவரிடம் காலம் வாங்கினார்கள், இன்னொருவரிடம் வாங்கவில்லை. வாங்க வசதியில்லை என்றும் சொல்லலாம்.

கோடைமழை:

நன்றி கணக்கர் அண்ணே. அந்த 120 சதவீதம் எங்கிருந்து வந்தது? உச்சவரம்பைத் தாண்டி சொந்த ஆட்டக்காரரை வைத்துக்கொள்ளலாம் என்றுதானே நினைத்தேன்.

கேப்கணக்கர்:

வைத்துக்கொள்ளலாம், ஆனால் படிப்படியாகத்தான். பழைய ஆட்டக்காரர் லாரி பேர்ட் பெயரில் இருக்கும் உரிமை அது. மூன்று ஆண்டு தொடர்ந்து இருந்தவருக்கு உச்சபட்சச் சம்பளம்வரை கொடுக்கலாம். இரண்டு ஆண்டு என்றால் பழைய சம்பளத்தில் 175 சதவீதம், அல்லது லீக்கின் சராசரிச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம், இரண்டில் எது கூடுதலோ அது. ஒரே ஆண்டு என்றால் 120 சதவீதம். அதனால்தான் விவரம் தெரிந்த ஜிஎம்கள் ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வந்து பளிச்சென்று ஆடுகிறவரைப் பார்த்துச் சந்தோஷப்படுவதோடு பயப்படவும் செய்வார்கள்.

மூலைஷாட்:

பணம் சரி. யாரை எடுப்பது என்று ஒன்று இருக்கிறதே.

பெஞ்ச்பார்வை சொன்ன "மே மாதம் எட்டுப் பேர்" உண்மைதான். ஆனால் ஏன் எட்டு? மற்றவர்களை எதிரணி ஆடவிடாது. பிளேஆஃபில் ஒரே அணியோடு ஏழு ஆட்டம் வரலாம், இரண்டாவது ஆட்டத்துக்குள் உங்கள் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். துணை ஆட்டக்காரரிடம் இரண்டே சோதனைதான். ஒன்று, பந்து கையில் இல்லாதபோது இவரைக் காவல் இல்லாமல் விட்டுவிட்டு ஸ்டார்மேல் இரண்டு பேராகப் பாயலாமா? இரண்டு, தடுப்பாட்டத்தில் இவரையே திரும்பத் திரும்ப ஸ்க்ரீனில் (காவல்காரரை உடம்பால் மறிக்கும் உத்தியில்) இழுத்து வதைக்கலாமா? இரண்டுக்கும் "முடியாது" என்றால் அவர் ஜூனிலும் ஆடுவார். பெஞ்சில் இருந்து வந்து சீசன் முழுக்கப் பதினைந்து புள்ளி எடுத்தார் என்பதெல்லாம் இந்தச் சோதனைக்கு முன்னால் பெரிதாக நிற்காது.

ஜாஷ் கிடி விஷயம் ஞாபகம் இருக்கிறதா? 2021-இல் தண்டர் ஆறாவது இடத்தில் எடுத்த பையன். பந்தைக் கொடுப்பதில் கெட்டிக்காரர், ரீபவுண்டும் எடுப்பார். 2024 பிளேஆஃபில் டாலஸ் அவரை மூலையில் தனியாக விட்டுவிட்டு மற்ற நால்வரைச் சுற்றி வளைத்தது. தொடரின் நடுவிலேயே தொடக்க ஐவரில் இருந்து இடம் போனது. ப்ரெஸ்டி அடுத்த மாதமே அவரை சிகாகோவுக்கு அனுப்பி அலெக்ஸ் கருசோவை வாங்கினார். 21 வயதுப் பையனுக்காக 30 வயதுக் கருசோவைக் கொடுத்த சிகாகோ, கூடவே ஒரு டிராஃப்ட் பிக்கூட (டிராஃப்டில் ஆள் எடுக்கும் உரிமை) வாங்கவில்லையே என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள்.

ஒரு வருஷம் கழித்து, கோடைமழை சொன்ன அதே ஏழாவது ஆட்டத்தில், 6 அடி 5 அங்குலக் கருசோ 6 அடி 11 அங்குல யோகிச்சின் முன்னால் நின்று மல்லுக்கட்டினார். கிடி இன்னும் நல்ல ஆட்டக்காரர்தான், சிகாகோவில் நன்றாக ஆடுகிறார். தண்டருக்குத் தேவைப்பட்ட ஆள் அவர் இல்லை. அதைக் கண்டுபிடித்ததைவிட, கண்டுபிடித்து ஒரு மாதத்துக்குள் செய்துமுடித்தது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. சொந்தமாக டிராஃப்ட் செய்த பையன்மேல் பாசம் வைத்து மூன்று வருஷம் இழுக்கும் ஜிஎம்கள்தான் அதிகம்.

பெஞ்ச்பார்வை:

எல்லாம் தண்டர் புராணமாகவே போகிறது. நியூயார்க் நிக்ஸைப் பாருங்கள். 2024-25-இல் அவர்களின் பெஞ்ச் லீக்கிலேயே குறைவாகப் புள்ளி எடுத்த பெஞ்ச். மிகெல் பிரிட்ஜஸ் ஒருவருக்காக ஐந்து முதல் சுற்று பிக்குகளைக் கொட்டினார்கள். தொடக்க ஐவரைப் போட்டுத் தேய்த்தார் அப்போதைய கோச் டாம் திபடோ. ஜாஷ் ஹார்ட் ஆட்டத்துக்கு 37.6 நிமிடம், லீக்கிலேயே அதிகம். முடிவு? இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் கிழக்குப் பிரிவு இறுதித் தொடர். நடுவில் நடப்புச் சாம்பியன் பாஸ்டனையும் தோற்கடித்தார்கள். ஐந்து நல்ல ஆட்கள் போதும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வளையம்:

அந்த இறுதித் தொடரில் யாரிடம் தோற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் :)

இண்டியானா பேசர்ஸ். நான் சில காலம் கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன், அந்தக் கண்ணோடு பார்த்தால் அந்தத் தொடர் ஒரு பாடம். ஆழம் என்றால் "ஸ்டார் களைத்தால் மாற்று ஆள்" என்றுதான் இங்கே எல்லோரும் பேசுகிறீர்கள். பேசர்ஸ் கோச் ரிக் கார்லைல் அதை வேறு விதமாகப் பயன்படுத்தினார். பத்துப் பேர் இருப்பதால் முழு மைதானத்திலும் பந்து வைத்திருப்பவரை விரட்டலாம். ஒவ்வொரு முறை பந்து கிடைத்தாலும் ஓடலாம். ஐந்து பேரை வைத்துக்கொண்டு 48 நிமிடம் அப்படி ஆட முடியாது. அணியில் ஆள் எண்ணிக்கை கூடியதும் ஆட்டத்தின் பாணியே மாறிவிடுகிறது. எதிரணி ஸ்டார் நாலாவது கால்பகுதிக்கு வரும்போது பாதி மூச்சில் வருவார்.

அதற்கு அடுத்து தண்டரோடு ஆடிய கோப்பைக்கான இறுதித் தொடரின் மூன்றாவது ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள். பேசர்ஸ் பெஞ்ச் 49, தண்டர் பெஞ்ச் 18. பென்னடிக்ட் மாத்துரின் 27 புள்ளி. டி.ஜே. மெக்கானல் பத்துப் புள்ளி, ஐந்து அசிஸ்ட் (புள்ளிக்கு வழிசெய்த பாஸ்), ஐந்து ஸ்டீல் (பறித்த பந்து). 2015 டிராஃப்டில் யாரும் எடுக்காத மனிதர்! எதிரணி கவனிக்காத நொடியில் உள்ளே வீசும் பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவருக்கு நிகர் இல்லை.

இந்த அணியை அதன் நிர்வாகி கெவின் பிரிச்சர்டு சேர்த்த விதத்தையும் பாருங்கள். ஆண்ட்ரூ நெம்பார்டு 31-ஆவது பிக். ஏரன் நெஸ்மித், பாஸ்டன் மால்கம் பிராக்டனை வாங்கியபோது கூட வந்தவர், அன்றைக்கு அவரை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஓபி டாப்பினை இரண்டே இரண்டாம் சுற்று பிக்குகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்தது யார்? நிக்ஸ்.

பெஞ்ச்பார்வை:

அந்தக் கடைசி வரி தேவையா, வளையம்.

பழைய டெட்ராய்ட்:

எல்லோரும் நேற்று நடந்ததையே பேசுகிறீர்கள். 2004 டெட்ராய்ட் பிஸ்டன்ஸைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. ஸ்டார் என்று யாரையும் வைத்துக்கொள்ளாமல், வேறு அணிகள் கழித்துவிட்ட ஆட்களாகச் சேர்த்துக் கோப்பை வாங்கிய அணி.

ஜோ டூமார்ஸ் ஜிஎம். 2000-இல் கிராண்ட் ஹில் ஒர்லாண்டோவுக்குப் போகிறேன் என்றார். சும்மா விடாமல் அதை டிரேடாக மாற்றி இரண்டு பேரை வாங்கினார், அதில் ஒருவர் பென் வாலஸ், டிராஃப்டில் எடுக்கப்படாதவர். சான்சி பில்லப்ஸ் அதற்குள் பல அணிகள் மாறி வந்தவர், அவரை 2002-இல் மிட்-லெவல் தொகைக்கு (உச்சவரம்பைத் தாண்டிய அணிக்கும் அனுமதிக்கப்படும் நடுத்தரத் தொகை) எடுத்தார். அதே ஆண்டு ஜெர்ரி ஸ்டாக்ஹவுஸைக் கொடுத்து ரிச்சர்டு ஹாமில்டன். டேஷான் பிரின்ஸ் 23-ஆவது பிக். 2004 பிப்ரவரியில் ரஷீத் வாலஸ். ஷாக், கோபி, மலோன், பேட்டன் என்று நாலு பெரிய பெயர் இருந்த லேக்கர்ஸை ஐந்தே ஆட்டத்தில் முடித்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு அப்புறம் நடந்தது. மெஹ்மெட் ஓக்கூர் என்று பெஞ்சில் ஒரு பெரிய ஆள் இருந்தார், இரண்டாம் சுற்றில் எடுத்தவர். அவர் நன்றாக ஆட ஆட விலை ஏறியது. கோப்பை வென்ற அதே கோடையில் யூட்டா தூக்கிக்கொண்டு போனது. அங்கே ஆல்-ஸ்டார் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு டிராஃப்டில் டூமார்ஸுக்கு இரண்டாவது பிக் இருந்தது. எதை எடுத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பிக்கில் ஒரு உபயோகமான ஆள் வந்திருந்தால் ஓக்கூர் போன இடம் தெரிந்திருக்காது. தொடக்க ஐவர் அப்படியே இருந்தார்கள், 2005-இல் மறுபடி இறுதித் தொடருக்குப் போய் ஏழாவது ஆட்டத்தில் ஸ்பர்ஸிடம் தோற்றார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த ஐவருக்கு வயதானது. பின்னால் வந்து நிற்க ஆள் இல்லை.

மூலைஷாட்:

நீங்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன்: டார்கோ மிலிசிச். அவருக்குப் பின்னால் வரிசையாகக் கார்மெலோ ஆன்டனி, கிரிஸ் போஷ், டுவைன் வேட்.

பழைய டெட்ராய்ட்:

வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதற்கென்றே இருக்கிறீர்கள்.

வளையம்:

ஜிஎம் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், கோச் பக்கம் ஒன்று விட்டுப்போகிறது. டென்வர் கதையில் எனக்கு உறுத்துவது அதுதான்.

அப்போதைய டென்வர் ஜிஎம் கால்வின் பூத் சும்மா இருக்கவில்லை. புரூஸ் பிரவுன் மாதிரி ஆட்கள் போகப் போகிறார்கள் என்று தெரிந்துதான் டிராஃப்டில் பின்வரிசைப் பிக்குகளாகச் சேர்த்தார். 2022-இல் கிறிஸ்டியன் பிரவுன், பெய்டன் வாட்சன். 2023-இல் ஜூலியன் ஸ்ட்ராதர், ஜேலன் பிக்கெட், ஹன்டர் டைசன். காகிதத்தில் பார்த்தால் கணக்கர் சொன்ன அதே திட்டம்: மலிவு, நாலு வருஷக் கட்டுப்பாடு, ஒருவர் போனால் இன்னொருவர். ஆனால் மைக்கேல் மலோன் கோப்பைக்கு ஆடுகிற கோச். டிசம்பரில் ஒரு பையனுக்கு இருபது நிமிடம் கொடுத்து நாலு ஆட்டம் தோற்க அவர் ஏன் சம்மதிப்பார்? பழகின ஆட்களைத்தான் இறக்குவார். பையன்கள் வளரவில்லை என்று ஒரு பக்கம் பேச்சு, ஆடவிட்டால்தானே வளர்வார்கள் என்று மறுபக்கம். 2025 ஏப்ரலில் சீசன் முடிய மூன்றே ஆட்டம் இருக்கும்போது இருவரையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள்.

தண்டருக்கு இந்தத் தகராறு ஏன் வரவில்லை என்றால், 2020-21-இல் 22 வெற்றி, அடுத்த சீசன் 24. தோற்கத்தானே போகிறோம் என்று டோர்ட், ஏரன் விகின்ஸ், கென்ரிச் வில்லியம்ஸ் என்று எல்லோரையும் ஆடவிட்டார்கள். விகின்ஸ் 55-ஆவது பிக், ஜெயிக்கிற அணியில் அப்படி ஒருவருக்கு நிமிடமே கிடைக்காது. ஜெயிக்க ஆரம்பித்தபோது அவர்களுக்கு ஏற்கெனவே நூற்றுக்கணக்கான ஆட்ட அனுபவம்.

ஜெயித்துக்கொண்டே வளர்க்க முடியாதா என்றால், முடியும். 2013-14 ஸ்பர்ஸ் 62 ஆட்டம் ஜெயித்தது, அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. டிம் டங்கன், டோனி பார்க்கர் உட்பட. அந்த நிமிடமெல்லாம் எங்கே போனது? பாட்டி மில்ஸ், டேனி கிரீன், போரிஸ் டியாவ். கிரீனைப் பல முறை கழற்றிவிட்டிருந்தார்கள், டியாவை ஷார்லட் வெளியே அனுப்பியிருந்தது. ஆனால் அதற்குக் கோச் போபோவிச்சும் ஜிஎம் ஆர்.சி. பியூஃபர்டும் வேண்டும். இருவரும் பல வருஷம் ஒன்றாக இருந்தவர்கள். "இன்றைக்கு டங்கன் உட்காரட்டும்" என்று சொன்னால் வேலை போகாது என்ற நம்பிக்கை வேண்டும்.

கோடைமழை:

மயாமி ஹீட்? அவர்கள்தானே டிராஃப்டில் எடுக்காதவர்களை வைத்தே 2023 இறுதித் தொடருக்குப் போனார்கள்.

மூலைஷாட்:

போனார்கள், அதுவும் எட்டாவது இடத்தில் இருந்து. கேலப் மார்ட்டின், மேக்ஸ் ஸ்ட்ரூஸ், கேப் வின்சென்ட், டங்கன் ராபின்சன், நாலு பேரும் டிராஃப்டில் எடுக்கப்படாதவர்கள். மார்ட்டினை ஷார்லட் கழற்றிவிட்டது (ஷார்லட் பெயர் இந்த இழையில் அடிக்கடி வருகிறது, கவனித்தீர்களா?). அவர்தான் பாஸ்டனுக்கு எதிராக ஏழாவது ஆட்டத்தில் 26 புள்ளி எடுத்தார். அதே கோடையில் ஸ்ட்ரூஸ் கிளீவ்லாண்டுக்கு நாலு ஆண்டு 63 மில்லியன், வின்சென்ட் லேக்கர்ஸுக்கு மூன்று ஆண்டு 33 மில்லியன். மார்ட்டின் அடுத்த ஆண்டு கிளம்பினார். உருவாக்கத் தெரிந்தவர்களுக்கும் நிறுத்தி வைக்கக் காசு வேண்டும்.

கேப்கணக்கர்:

நிறுத்தி வைப்பது பற்றி ஒன்று. லேக்கர்ஸ் 2021-இல் செய்ததை நான் இன்னும் ஜீரணிக்கவில்லை. கருசோ அவர்களிடம்தான் டூ-வேயில் வளர்ந்தார், 2020 கோப்பையில் இருந்தார். சிகாகோ நாலு ஆண்டு 37 மில்லியன் கொடுத்தது. பேர்ட் உரிமை கையில் இருந்தும் விட்டார்கள். அதே கோடையில் கைல் கூஸ்மா, கென்டேவியஸ் கால்டுவெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரெல், கூட ஒரு முதல் சுற்று பிக், எல்லாம் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கை வாங்கினார்கள். ஒருவருக்கே 44 மில்லியன். 33-49, பிளேஆஃபே இல்லை. கால்டுவெல்-போப் பிறகு டென்வர் போய்க் கோப்பை வாங்கினார், கருசோ தண்டரில்.

அங்கே போனது மூன்று ஆட்டக்காரர்கள் மட்டும் இல்லை, மூன்று ஒப்பந்தங்களும்தான். பத்து, பதின்மூன்று மில்லியன் அளவுச் சம்பளங்கள் ஜிஎம்முக்குச் சில்லறை மாதிரி. டிரேடு என்றால் இரு பக்கச் சம்பளமும் ஓரளவு பொருந்த வேண்டும். 13 மில்லியன் ஆள் வேண்டுமென்றால் அதற்கு நெருக்கமான தொகை உங்களிடம் இருக்க வேண்டும். பெரிய நோட்டு மட்டும் வைத்திருப்பவர் கடைக்குப் போய்த் திரும்பி வர வேண்டியதுதான்.

பீனிக்ஸ் சன்ஸ் அப்படித்தான் மாட்டியது. 2024-25-இல் கெவின் டுராண்ட், டெவின் புக்கர், பிராட்லி பீல், மூவருக்கு மட்டும் சுமார் 150 மில்லியன். இரண்டாம் ஏப்ரனைத் தாண்டியதால் இரண்டு சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்க முடியாது, மிட்-லெவல் கிடையாது, டிரேடில் காசு கொடுக்க முடியாது. மினிமம் (குறைந்தபட்சச் சம்பள) ஒப்பந்தம் மட்டும்தான் வழி. 36-46. அடுத்த கோடையில் டுராண்ட் ஹூஸ்டனுக்கு, பீலுக்குக் காசைக் கொடுத்து வழியனுப்பினார்கள்.

மினிமத்தில் முத்து எடுக்க முடியாது என்று சொல்லவில்லை. ஓராண்டு மினிமத்தில் வரும் மூத்த ஆட்டக்காரருக்கு அணியின் கணக்கில் ஏறுவது இரண்டு ஆண்டு அனுபவக்காரரின் தொகைதான், மேலே உள்ளதை லீக் கொடுத்துவிடும். அதனால் எல்லா அணியும் அங்கே கை வைக்கும். ஆனால் அது கடைசி மூன்று இடத்துக்கான வழி. ஏழாவது ஆளை அங்கே தேடுகிறீர்கள் என்றால் எங்கோ முன்னமே தவறியாகிவிட்டது.

கோடைமழை:

அப்படியென்றால் 2025 கோடையில் டென்வர் செய்தது சரிதானா? நிர்வாகத்துக்குப் புதிதாக வந்த பென் டென்சரும் ஜான் வாலஸும் மைக்கேல் போர்ட்டரோடு 2032 முதல் சுற்று பிக்கையும் புரூக்ளினுக்குக் கொடுத்து கேம் ஜான்சனை வாங்கினார்கள். சம்பளத்தில் 17 மில்லியன் வித்தியாசம். அந்த இடைவெளியில் சாரிச்சைக் கொடுத்து சென்டர் வலன்சியூனாஸ். அப்புறம் டிம் ஹார்டவே மினிமத்தில். புரூஸ் பிரவுனே மினிமத்தில் திரும்பி வந்தார்!

மூலைஷாட்:

எனக்குப் பிடித்தது. மறைமுகமாகப் பார்த்தால் ஒரு பிக்கைக் கொடுத்து மூன்று, நாலு ஆட்களை வாங்கியிருக்கிறார்கள். ஜான்சன் தடுப்பாட்டத்தில் ஏமாற மாட்டார், அவரைத் தனியாகவும் விட முடியாது. யோகிச் உட்கார்ந்தால் யார் சென்டர் என்ற கேள்விக்கும் பல வருஷம் கழித்து ஒரு பதில் கிடைத்தது.

கேப்கணக்கர்:

கோடைக்கு நல்ல வேலை. ஆனால் ஹார்டவே, பிரவுன் இருவரும் ஓராண்டு ஒப்பந்தம். நன்றாக ஆடினால் என்ன ஆகும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

பெஞ்ச்பார்வை:

சரி, உங்கள் தண்டருக்கே வருகிறேன். ஆழம் ஆழம் என்கிறீர்களே, சேட் ஹோம்கிரனுக்கும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் புது ஒப்பந்தம் 2026-27-இல் தொடங்குகிறது. ஷாயின் பெரிய தொகை அதற்கு அடுத்த ஆண்டு. கடைசியில் மூன்று ஸ்டாருக்குக் கொடுக்கப் பெஞ்சைத்தானே கலைக்கப் போகிறீர்கள்? ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைனின் 28.5 மில்லியன், டோர்ட்டின் சுமார் 18 மில்லியன், இரண்டும் 2026-27-க்கு அணியின் விருப்பத்தில் இருக்கும் ஆண்டுகள். யார் போவார்?

மூலைஷாட்:

டோர்ட். அவர் இடத்துக்குக் கேசன் வாலஸ் தயார், 2023-இல் பத்தாவது பிக்.

கேப்கணக்கர்:

நான் ஹார்ட்டன்ஸ்டைன் என்பேன், தொகை பெரிது. அதற்குத்தான் 2025 டிராஃப்டில் சென்டர் தாமஸ் சோர்பரை எடுத்தார்கள் என்று நினைக்கிறேன். ஆனால் பையனுக்குச் சீசன் தொடங்கும் முன்னாலேயே முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது, ஒரு வருஷம் போச்சு. இப்போது அந்தக் கணக்கு இடிக்கிறது.

பெஞ்ச்பார்வை:

ஹார்ட்டன்ஸ்டைனை விட்டுவிட்டால் யோகிச்சை யார் தடுப்பது?

வளையம்:

போன முறை கருசோதானே தடுத்தார். அவருக்கு 2028-29 வரை ஒப்பந்தம் இருக்கிறது.

பெஞ்ச்பார்வை:

அது முடியும்போது அவருக்கு 35 வயது. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.